விமானம் வராத நாளின் வாடகை

2019ஆம் ஆண்டின் கடைசியில் என்னிடம் வந்தது ஓர் இட்லிக் கடை வழக்கு. கடை தெருவில் இருந்திருந்தால் ஒரு நோட்டீஸ், ஒரு பதில் நோட்டீஸ், நடுவே யாராவது பெரியவர் என்று ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். கடை இருந்தது விமான நிலையத்துக்குள். அதனால் பேங்க் கியாரண்டி, இடைக்காலத் தடை, நடுவர் நியமனம், குறுக்கு விசாரணை என்று பெரிய வழக்குகளுக்கு உரிய எல்லாச் சடங்கும் இதற்கும் நடந்தது.

கட்சிக்காரர் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாராவிச் சந்துகளில் நள்ளிரவுக்குப் பின் மாவு கரைத்து, விடியும்போது இட்லி அண்டாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு பம்பாய் முழுக்கக் கிளம்பும் தமிழர்களை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இவருடைய அப்பா அப்படிக் கிளம்பியவர்களில் ஒருவர். மகன் செம்பூரில் சமையற்கூடம் போட்டு, இரண்டு மூன்று ஆபீஸ் கேன்டீன்களை எடுத்து நடத்தும் அளவுக்கு வளர்ந்தார். அரிசியும் உளுந்தும் எடுக்க நவி மும்பை வாஷியில் ஏபிஎம்சி மொத்தச் சந்தையின் தாணா பந்தருக்கு வருவார், வேலை முடிந்ததும் ஸ்டேஷன் பக்கத்திலிருக்கும் என் அலுவலகத்தில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அந்தப் பெயரே இருக்கட்டும். எதிர்த்தரப்பின் பெயரும் விமான நிலையத்தின் பெயரும் இதில் வராது. சமரசத்தில் முடிந்த வழக்கு, இரு தரப்பும் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள்.

நிலையம் மகாராஷ்டிரத்தின் உள்மாவட்டம் ஒன்றில் இருக்கிறது. ஒரே ஓடுபாதை, ஒரு சின்ன டெர்மினல், அப்போது மதியத்தில் வந்து அரை மணி நேரத்தில் திரும்பிப் போகும் ஒரு 72 இருக்கை ஏடிஆர் விமானம். உடான் திட்டத்தால் உயிர் பெற்ற நிலையம். உடானை மத்திய அரசு 2016 அக்டோபரில் அறிவித்தது, 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்கு முதல் விமானம் கிளம்பியது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்போது ஏறக்குறைய 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு. அதனால் வரும் நட்டத்தை ஈடுகட்ட விமான நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகள் மானியம். இந்த வழக்குக்கு முக்கியமான சங்கதி இனிமேல்தான்: உடான் விமானங்களிடம் தரையிறங்கும் கட்டணமும் நிறுத்தும் கட்டணமும் விமான நிலையம் வாங்கக் கூடாது. ஒரு விமான நிலையத்தின் பிறவி வருமானமே அவை இரண்டும்தான். அதை விட்டுக்கொடுத்த நிலையம், தீயணைப்பு வண்டிக்கும் காவலுக்கும் மின்சாரத்துக்கும் பணத்தை எங்கே தேடும்? கடை வாடகையில், விளம்பரப் பலகையில், பார்க்கிங்கில் தேடியது. அந்த உரிமைகளை மொத்தமாக ஒரு நிறுவனம் எடுத்து, சில்லறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டது. அந்தச் சில்லறையில் ஒன்றுதான் அண்ணாச்சியின் கவுன்ட்டர்.

ஒப்பந்தத்தை முதன்முறை படித்தபோது அதில் ஒரு பெரிய நகர விமான நிலையத்தின் வாசனை அடித்தது. விற்பனையில் இத்தனை சதவீதம், அல்லது குறைந்தபட்ச மாத உத்தரவாதத் தொகை, இரண்டில் எது அதிகமோ அது. ஆண்டுக்கு 10 சதவீத உயர்வு. முதல் மூன்று ஆண்டுகளுக்கு வெளியேற முடியாத லாக்-இன். இடையில் விட்டுப் போனால் மீதி மாதங்களின் உத்தரவாதத் தொகை மொத்தமும் கட்ட வேண்டும். 'பயணிகள் எண்ணிக்கை உத்தேசமானது, அதற்கு உரிமம் தருபவர் பொறுப்பல்ல' என்ற வரி தனியாக, தடித்த எழுத்தில். கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்திலுள்ள இடங்களுக்கான விதிகள்கூட அதில் இருந்தன. அந்த நிலையத்தில் கன்வேயர் பெல்ட்டே கிடையாது, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஒரு மேடையில் அடுக்குவார்கள்.

உத்தரவாதத் தொகை மாதம் 60,000 ரூபாய். நானும் அண்ணாச்சியும் ஒரு பழைய காஸ் லிஸ்ட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். விமானத்தில் 60 பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிப்பேர் ஏதாவது வாங்குகிறார்கள், தலைக்கு 40 ரூபாய். ஒரு நாளைக்கு 1,200, மாதத்துக்கு 36,000. இது லாபமல்ல, மொத்த விற்பனை. ஒரு நாள்கூட விமானம் ரத்தாகாமல், இட்லி இலவசமாகவே தயாரானாலும் மாதம் 24,000 ரூபாய் கைக்காசு போகும்.

"அண்ணாச்சி, கையெழுத்துப் போடும்போது இந்தக் கணக்கைப் போடலியா?"

"போட்டேன் வக்கீல் சார். ஒரு பிளேனு நாலாவும்னு சொன்னாவ. அதோட ஏர்போர்ட்டுல கடைன்னா அது வேற சார்."

அது வேறுதான். அடுத்த மாதம் மாட்டுங்காவில் நடந்த மகள் கல்யாணத்துக்கான பத்திரிகையில் அவர் பெயருக்குக் கீழே 'ஏர்போர்ட் கேட்டரிங்' என்று அச்சாகியிருந்தது. சின்ன ஊர் விமான நிலையங்களில் கடை எடுக்கும் பலர் அந்த ஒரு வரிக்காகத்தான் எடுக்கிறார்கள் என்பது என் அனுமானம். டெண்டர் விடுகிறவர்களுக்கும் அது தெரியும்.

உள்ளே கடை நடத்துவதன் கஷ்டம் வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. வேலை பார்க்கும் இரண்டு பையன்களுக்கும் போலீஸ் விசாரணை முடித்து நுழைவு பாஸ் வாங்க வேண்டும். மாவு முதல் கொத்தமல்லி வரை எல்லாம் ஸ்கேனரில் போகும். கத்திக்குக் கணக்கு உண்டு, மாலையில் கத்தி இல்லையென்றால் கதவு திறக்காது. மிச்ச உணவை வெளியே கொட்ட முடியாது. நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை போட்டுப் பறவைகளை வரவழைப்பது 1937ஆம் ஆண்டு விமான விதிகளின்படி குற்றம். அதனால் மீந்த சாம்பார் மூடிய பீப்பாயில் திரும்பிப் போகும். இத்தனைக்கும் நடுவே அந்தக் கடைக்கு ஒழுங்காக வந்த வாடிக்கையாளர்கள் யார் என்று கேட்டேன். காவல் பணியில் இருந்தவர்கள், தீயணைப்பு வண்டிக்காரர்கள், டிக்கெட் கவுன்ட்டர் பெண்கள். வெளியே மரத்தடியில் காத்திருக்கும் டாக்சி டிரைவர்கள் தினமும் இட்லி கேட்டார்களாம். ஆனால் கடை பாதுகாப்புச் சோதனைக்கு அந்தப் பக்கம் இருந்தது. டிரைவருக்குப் போர்டிங் பாஸ் கிடையாது.

2019 தொடக்கத்தில் விமானம் வாரத்தில் மூன்று நாள் என்றானது, பிறகு அறிவிப்பில்லாமல் ரத்தாக ஆரம்பித்தது, பருவமழைக்கு முன்பே நின்றுபோனது. இது அந்த ஒரு ஊரின் கதை மட்டுமல்ல. சேலத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னை விமானம் 2021இல் நின்று, 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானங்கள் வந்தன. 2023இல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை மொத்தக் கணக்கையும் போட்டுக் காட்டியது. உடானில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டு மானியக் காலத்தை முழுசாக முடித்தவை 112. அதற்குப் பிறகும், 2023 மார்ச் வரை, ஓடிக்கொண்டிருந்தவை 54. இந்த அறிக்கை எனக்கு 2019இல் கிடைத்திருந்தால் மனுவோடு இணைத்திருப்பேன். 'பயணிகள் எண்ணிக்கை உத்தேசமானது' என்று எழுதித் தள்ளிவிட்ட ஆபத்தின் உண்மையான அளவு அதுதான். வழித்தடம் நின்றால் விமான நிறுவனம் வேறு ஊருக்கு விமானத்தைத் திருப்பிவிடும். இட்லிக்காரர் மட்டும் லாக்-இன்னில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி மூன்று மாதம் கட்டிப் பார்த்தார். பிறகு கடிதம் எழுதினார், பதில் இல்லை. கட்டுவதை நிறுத்தினார், உடனே பதில் வந்தது: லாக்-இன்னின் மீதி மாதங்கள் முழுவதற்குமான தொகை, வட்டியோடு. பேங்க் கியாரண்டியைப் பணமாக்கப் போவதாக எச்சரிக்கை.

கியாரண்டியைத் தடுக்க மத்தியஸ்தச் சட்டத்தின் 9ஆவது பிரிவில் மனுப் போட்டோம். இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, அதை அண்ணாச்சியிடம் முன்பே சொல்லியிருந்தேன். கண்கூடான மோசடியோ, ஈடுசெய்யவே முடியாத நட்டமோ இருந்தால் ஒழிய பேங்க் கியாரண்டியை நீதிமன்றங்கள் தொடுவதில்லை. வங்கி கொடுத்த வாக்கு வேறு, உங்கள் சண்டை வேறு என்பது நீண்ட காலமாக உச்ச நீதிமன்றத்தின் நிலை. மனு தள்ளுபடியானது. அடுத்த வாரம் பணம் போனது.

நடுவரை யார் நியமிப்பது என்பதில் நமக்குக் காற்று அடித்தது. ஒப்பந்தப்படி, மொத்த உரிமம் எடுத்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சொல்லும் ஆள்தான் நடுவர். சண்டையில் ஒரு தரப்பே தீர்ப்புச் சொல்பவரையும் நியமிக்கும் இந்த ஏற்பாடு அன்றைக்குப் பல ஒப்பந்தங்களிலும் இருந்தது. 2019 நவம்பர் 26 அன்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் தனி நடுவரை நியமிக்க முடியாது என்று சொன்னது. தீர்ப்பின் மை காயும் முன் நான் அதை மேற்கோள் காட்டிக் கடிதம் அனுப்பினேன். அவர்கள் மசியவில்லை. 11ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் போனோம், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நியமிக்கப்பட்டார். பிறகு ஊரடங்கு. விசாரணை 2021இல் வீடியோ வழியாக நடந்தது. ஹார்பர் லைன் ரயில் பிடித்து மும்பை கோட்டைப் பகுதிக்குப் போய் வாதாட வேண்டிய வழக்கை வாஷியில் என் மேசையிலிருந்தே நடத்தினேன்.

விமானம் நின்றது எதிர்பாராத பேரிடர், அதனால் ஒப்பந்தமே விழுந்துவிட்டது என்று வாதாடலாமே என்று என் ஜூனியர் கேட்டார். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் 1954இன் சத்யவிரத கோஷ் தீர்ப்பிலிருந்து 2017இன் எனர்ஜி வாட்ச்டாக் வரை சொல்வது ஒன்றே: செலவு கூடிவிட்டது, வியாபாரம் படுத்துவிட்டது என்பதற்காக ஒப்பந்தம் கலையாது. பயணிகள் குறையலாம் என்று தடித்த எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். அந்த வழியில் போனால் நேராகச் சுவரில்தான் முட்டுவோம்.

நான் பிடித்தது வேறு நூல். அண்ணாச்சிக்குக் கொடுத்தது வாடகை அல்ல, உரிமம். வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி உரிமம் என்பது இன்னொருவர் இடத்தில் ஒரு காரியத்தைச் செய்துகொள்ள அனுமதி, அவ்வளவுதான். (வாடகைக்கும் உரிமத்துக்கும் வித்தியாசம் சொல்லும் நம் நாட்டின் அடிப்படைத் தீர்ப்பு 1959இல், டெல்லி இம்பீரியல் ஹோட்டலுக்குள் முடிதிருத்தகம் நடத்திய ஒருவரின் வழக்கில் வந்தது. பெரிய கட்டடத்துக்குள் சின்னக் கடை வைப்பவர்கள் இந்தியச் சட்டத்துக்கு நிறையக் கொடுத்திருக்கிறார்கள்.) உள்ளே போக அனுமதி இருந்தால்தானே அந்த அனுமதிக்குக் கட்டணம்? விமானம் இல்லாத நாட்களில் டெர்மினல் திறந்திருந்ததா?

அண்ணாச்சியின் பையன்கள் மூடியிருந்தது என்றார்கள். எதிர்த்தரப்பு திறந்தே இருந்தது என்றது. கேட் ரெஜிஸ்டரைத் தாக்கல் செய்யச் சொல்லி நடுவரிடம் உத்தரவு வாங்கினேன். பச்சை அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்றின் பக்கங்கள் ஸ்கேனாகி வந்தன. தேதி, பெயர், பாஸ் எண், வந்த நேரம், போன நேரம். விமானம் நின்ற முதல் வாரத்தில் நம் பையன்களின் பெயருக்கு நேரே காவலர் மராத்தியில் 'விமான் நாஹி' என்று எழுதி, நேரக் கட்டங்களைக் குறுக்கே கோடிட்டு அடித்திருந்தார். இரண்டாம் வாரத்தில் எழுத அலுத்துப்போய் 'வி.நா.' ஆனது. அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் 'மேற்படி' குறிகள் மட்டும், மேலிருந்து கீழே ஒரே வரிசையாக. கடைசியில் பையன்கள் போவதை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 54ஆவது பிரிவு சொல்வது எளிமையானது: நீ செய்ய வேண்டியதைச் செய்தால்தான் நான் செய்ய வேண்டியதைச் செய்ய முடியும் என்றால், நீ செய்யாமல் என்னிடம் கேட்க முடியாது. அந்தப் பிரிவுக்கு அந்தக் காவலரின் 'மேற்படி' குறிகளைவிட நல்ல உரை எதுவும் கிடையாது.

அடுத்தது, மீதி மாதங்களுக்கான மொத்தத் தொகை. 2015இல் கைலாஷ்நாத் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது, 74ஆவது பிரிவில் கேட்கும் இழப்பீட்டுக்கு இழப்பு என்று ஒன்று இருக்க வேண்டும். அவர்களுடைய வணிகப் பிரிவு மேலாளர் திரையில் வந்தார். இளைஞர், மரியாதையானவர். அவர் மீது எனக்குக் கோபமில்லை.

"பயணி ஒருவர் சராசரியாக இவ்வளவு செலவழிப்பார் என்று உங்கள் மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறது. இது எந்த விமான நிலையத்தில் எடுத்த கணக்கு?"

"தொழில்துறைச் சராசரி."

"இந்த நிலையத்தில் எடுத்ததா?"

"இல்லை. அப்போது இங்கே விமானமே வரவில்லை."

"பயணிகள் எண்ணிக்கை என்று போட்டிருப்பதில் வந்து இறங்குகிறவர்களும் சேர்த்தியா?"

"மொத்தப் பயணிகள்."

"வந்து இறங்குகிறவர் உங்கள் கவுன்ட்டர் இருக்கும் கூடத்துக்குள் நுழைய முடியுமா?"

அவர் தரைப்படத்தைத் திரையில் கொண்டுவந்தார். அதைப் பெரிதாக்கினார். அம்புக்குறி ஓடுபாதையிலிருந்து நேராக வெளிவாசலுக்குப் போனது.

"முடியாது."

வாடிக்கையாளர்களாகக் கணக்கில் வந்தவர்களில் சரிபாதிப் பேர் அந்தக் கடையைக் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டார்கள். நடுவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு அவராகவே ஒரு கேள்வி கேட்டார்: அண்ணாச்சி காலி செய்த பின் அந்த இடத்தை வேறு யாருக்காவது விட முயன்றீர்களா? "விமானம் இல்லாத நிலையத்தில் யார் எடுப்பார்கள்?" என்றார் மேலாளர். அந்தப் பதிலை அப்படியே பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

வாஷியில் தொழில் செய்பவனுக்கு இந்த வழக்கு கொஞ்சம் விசித்திரமாகவே இருக்கும். என் ஜன்னலுக்கு எதிரே தெரியும் வாஷி ஸ்டேஷன் கட்டடத்தில் ரயிலுக்காகப் போகிறவர்கள் கீழே, ஐடி கம்பெனிக்காரர்கள் மேலே. நவி மும்பை ரயில் பாதைக்கான செலவில் மூன்றில் இரண்டு பங்கை நகரை உருவாக்கிய அரசு நிறுவனமான சிட்கோ போட்டது, ரயில்வே போட்டது மீதி. போட்ட பணத்தை டிக்கெட்டில் மட்டும் தேடாமல், சிட்கோ ஸ்டேஷன்களின் தலைக்கு மேல் அலுவலகங்களையும் கடைகளையும் கட்டி விற்றது, வாடகைக்கு விட்டது. அது நடந்தது, ஏனென்றால் 1992இல் மான்குர்டிலிருந்து ரயில் வந்த நாள் முதல் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. பெரிய விமான நிலையத்தின் கதையும் இதே. உலகளவில் விமான நிலையங்களின் வருவாயில் ஏறக்குறைய 40 சதவீதம் விமானத்தோடு சம்பந்தமில்லாத இனங்களிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 5 கோடிப் பேர் கடக்கும் மும்பை நிலையத்தில் வாட்சும் வாசனைத் திரவியமும் விற்கும். அங்கெல்லாம் வழக்கு, அந்த வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பற்றியது: 2016 விமானக் கொள்கைப்படி கடை வருமானத்தில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் விமானக் கட்டணங்களை நிர்ணயிக்க வேண்டும், எது கடை வருமானம் எது விமான வருமானம் என்று உச்ச நீதிமன்றம் வரை சண்டை. நம்முடைய நிலையத்தில் பங்கிட ஒன்றுமில்லை. இருந்தது ஒரு இட்லி கவுன்ட்டரும் அதன் பேங்க் கியாரண்டியும்.

மேலாளரின் வாக்குமூலம் முடிந்த பிறகு சமரசப் பேச்சு வந்தது. அதற்கு வழி திறந்தவர் எதிர்த்தரப்பு வக்கீல் அல்ல, நிலையத்தை நடத்திய அலுவலகத்திலிருந்து பார்வையாளராக வந்து உட்கார்ந்திருந்த மூத்த அதிகாரி ஒருவர். தனியாகப் பேசும்போது சொன்னார்: பயணியின் பையிலிருந்து இனி எதுவும் வராது, இந்த நிலையத்தின் சொத்து அதன் காலியிடம்தான். காலியான ஓடுபாதை, காலியான வானம், வேலிக்குள் சும்மா கிடக்கும் நிலம். அதைக் கேட்டபோதுதான் இந்த வழக்கில் எனக்கு உண்மையான ஆர்வம் வந்தது.

அவர் சொன்னது வெறும் பேச்சல்ல. ஸ்பெயினில் தெருவேல் என்ற நிலையத்துக்கு வழக்கமான பயணிகள் விமானமே கிடையாது. உலர்ந்த காற்றும் பெரிய நிறுத்துமிடமும் இருப்பதால் ஓட்டமில்லாத விமானங்களை நிறுத்திவைத்தும், ஆயுள் முடிந்தவற்றைப் பிரித்துப் போட்டும் பிழைக்கிறது. நமக்குப் பக்கத்தில் கொச்சி. அது சின்ன நிலையம் அல்ல, ஆனால் விமானத்துக்கு வெளியேயும் சம்பாதிக்கத் தெரிந்தது. 2015இல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் முதல் விமான நிலையமாக ஆனது, சூரியத் தகடுகளுக்குக் கீழே காய்கறி போடுகிறது. மகாராஷ்டிரத்திலேயே கோந்தியா நிலையம் விமானி பயிற்சியால்தான் பெயர் பெற்றது. விமான நிலைய ஆணையம் 2020இல் பயிற்சிப் பள்ளிகளிடம் வருமானப் பங்கு கேட்பதையே விட்டுவிட்டு நில வாடகையையும் சீர்செய்தது. அதன் பிறகு ஜல்காவ், பெலகாவி, கலபுர்கி என்று இடங்கள் ஒதுக்கப்பட்டன, இரண்டாம் சுற்றில் சேலமும் சேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பங்கு கேட்பதை விட்ட பிறகுதான் ஆள் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய விமானம் வரும் நிலையத்தில், பயிற்சி விமானம் காலையிலிருந்து மாலை வரை ஏறி இறங்கும். பயிற்சி மாணவன் அங்கேயே மாதக்கணக்கில் தங்குவான், மூன்று வேளையும் பசிக்கும் அவனுக்கு.

நிலத்தை எதற்கு வேண்டுமானாலும் விடலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்துக்கென்று விவசாயியிடம் எடுத்த நிலம் அது. அதில் மால் கட்டினால் அடுத்த வழக்கு அந்த விவசாயியின் பேரன் போடுவான், அவனுக்காக நானே ஆஜராவேன். விமானம் சார்ந்த பயிற்சி, பழுதுபார்ப்பு, சரக்குக் கிடங்கு, மின்சாரம் வரை சரி. ஊர்க்காரர்களுக்கு அதில் ஏதாவது வேலையோ இடமோ இருந்தால் இன்னும் சரி. விமான நிலைய ஆணையம் அவ்சர் என்ற பெயரில் சுய உதவிக் குழுக்களுக்கு 100, 200 சதுர அடி இடத்தை முறைவைத்துக் கொடுக்கிறது, மதுரையிலும் நடந்தது. 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் 10 ரூபாய்க்கு டீ கொடுக்கும் உடான் யாத்ரி கஃபே வந்தது. பெரிய நிலையத்தில் டீ விலையைக் குறைக்க அரசு இறங்கி வருகிறது. சின்ன நிலையத்திலோ 10 ரூபாய் டீ விற்கத் தயாராக இருந்த மனிதரிடம் வாட்சுக் கடைக்குரிய உத்தரவாதத்தை எழுதி வாங்கியிருந்தார்கள்.

சமரசப் பேச்சு இழுத்தது. அண்ணாச்சிக்குக் கியாரண்டிப் பணம் மொத்தமும் திரும்ப வேண்டும். அவர்களுக்கு, டெர்மினல் திறந்திருந்த மாதங்களுக்கான பாக்கி வேண்டும். அந்தக் கணக்கைப் பிரிக்கவும் கேட் ரெஜிஸ்டரே உதவியது. பையன்களுக்கு உள்ளே போன நேரம் பதிவான நாட்களுக்கு மட்டும் கட்டணம், மற்ற நாட்களுக்கு இல்லை. கழித்தது போக மீதி திரும்பியது. லாக்-இன் தொகைக் கோரிக்கை வாபஸ்.

அதற்கு மேல் அந்த அதிகாரி இன்னொன்று கேட்டார். வேலிக்கு வெளியே, அணுகுசாலையில், டாக்சிக்காரர்கள் நிற்கும் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டுத் தருகிறோம், எடுப்பீர்களா? பயிற்சிப் பள்ளி வரப்போகிறது, சாலைக்கு அந்தப் பக்கம் எம்ஐடிசி தொழிற்பேட்டைப் பட்டறைகள் இருக்கின்றன, பாஸ் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"எவ்வளவு மினிமம்?" என்றார்.

மினிமமே இல்லை, விற்பனையில் பங்கு மட்டும் என்றார் அதிகாரி. மொத்த உரிமக்காரரின் வக்கீல் உடனே குறுக்கே விழுந்தார், அப்படியானால் கணக்கை எப்படி நம்புவது? பில்லிங் மெஷின் வைப்பது என்று முடிவானது. விமானம் நின்றால் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறலாம் என்ற வரியை நான் கேட்டேன், அவர்கள் மறுத்தார்கள். வேலிக்கு வெளியே கடை, விமானத்தோடு உங்களுக்கு என்ன என்றார்கள். நியாயம்தான், விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, அணுகுசாலை வாசலை நிலையம் மூடிவைக்கும் நாட்களில் பங்கும் கிடையாது, அந்த நாட்கள் ஒப்பந்தக் காலத்திலும் சேராது என்ற வரியைச் சேர்த்தோம். 30ஆவது பிரிவின்படி சமரச ஷரத்துகளே நடுவரின் தீர்ப்பாக எழுதப்பட்டன. கொட்டகை 2022இல் திறந்தது, அண்ணாச்சியின் மருமகன் பார்த்துக்கொள்கிறார்.

உல்வேயில் நவி மும்பை விமான நிலையம் 2025 டிசம்பரில் ஓட ஆரம்பித்ததிலிருந்து என் மேசைக்கு வரும் உரிம ஒப்பந்தங்கள் கூடிவிட்டன. பார்க்கிங், மசாஜ் நாற்காலி, மொபைல் கவர் கடை. அவற்றை நான் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. தரைப்படத்தைக் கேட்கிறேன், இறங்குகிறவர்கள் எந்தப் பக்கமாகப் போகிறார்கள் என்று பார்க்கிறேன். கட்சிக்காரர்கள் இதில் பொறுமையிழப்பார்கள். அண்ணாச்சி போன மாதம் அப்படி ஒரு தாளோடு வந்து, நான் கேட்பதற்கு முன்பே படத்தை மேசையில் விரித்து வைத்தார். இந்தத் தடவை மினிமம் கியாரண்டி இருந்தது, ஆனால் முதல் ஆண்டுக்குப் பயணிகள் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும்படி. அந்தச் சூத்திரத்தில் எந்த எண்ணிக்கையை எடுப்பார்கள், ஏறுகிறவர்கள் மட்டுமா மொத்தமா என்று கேட்டு நேற்றுதான் எதிர்த்தரப்புக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.